முதல் விருப்பம் – அத்தியாயம் 11: கடைசி இடம்

கல்லூரி ஒதுக்கீடு வந்துவிட்டது என்று முதலில் கத்தியது ரோஷ்ணி இல்லை. அவளுடைய அப்பா சங்கரவேல்.

மில்லில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த மனிதர், தூங்கப் போகாமல், பஞ்சு ஒட்டிய சட்டையோடு மகளின் பின்னால் நின்று செல்போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதுரை! ஏய் தமயந்தி, மதுரைடி! ஈ.சி.இ. போட்ருக்கான் பாரு!"

அடுப்படியில் தோசையைத் திருப்பப் போன தமயந்தியின் கை அப்படியே நின்றது. சந்தோஷம் வந்தது. வராமல் என்ன? ஆனால் வந்த வேகத்திலேயே அதன் பின்னால் இன்னொன்றும் வந்து நின்றுகொண்டது.

"மித்துவுக்கு?" என்று கேட்டாள்.

"அவளுக்குக் கோயமுத்தூர்மா. இப்பத்தான் மெசேஜ் போட்டா. முதல்ல வச்சதே கிடைச்சிருச்சாம்." ரோஷ்ணியின் முகத்தில் சிரிப்போடு ஒரு சின்னக் குழப்பமும் இருந்தது. "ஆனா அவ எதுக்கும்மா கோயமுத்தூர முதல்ல வச்சா? ரெண்டு பேரும் ஒரே பஸ்ல மதுரைக்குப் போவோம்னுதான சொல்லிட்டு இருந்தா?"

தோசை தீய்ந்த வாசனை வந்தது.

"நல்ல காலேஜ்டி அது. அவளுக்கு என்ன தோணுச்சோ" என்றாள் தமயந்தி, திரும்பாமலே.

மித்து என்கிற சங்கமித்ராவை மறந்திருக்க மாட்டீர்கள். சங்கரவேலின் தங்கை பவளக்கொடியின் ஒரே மகள். இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பா லாரியோடு வடக்கே போனால், திரும்பி வந்து முகம் காட்ட மாதம் ஆகிவிடும். பவளத்துக்கு எப்போதாவது வலிப்பு வரும். வந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டு, தெளிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மித்துதான். எட்டாவது படிக்கும்போதே அதைப் பழகிக்கொண்ட பெண். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதற்காகவே மதுரைக் கல்லூரி வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் தமயந்தியின் நெட் சென்டரில், கவுன்சலிங்குக்கு விருப்பப் பட்டியல் போடும் நாட்களில் நிற்க இடம் இருக்காது. பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள்தான் அதிகம் வியர்த்துப்போய் நிற்பார்கள். எந்தக் கல்லூரியை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்று அவளிடம் கேட்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் பட்டியலை முடித்துப் பூட்டுவதில்லை. மேலே வைத்தது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைக் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் வரிசைதான் எல்லாம்.

கடைசி நாளன்று, கூட்டம் கலைந்த பிறகு, மித்துவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவள் பேசிய பேச்சைத்தான் போன வாரம் கேட்டோம். கோயமுத்தூர்க் கல்லூரிக்குக் கம்பெனிகள் நிறைய வருகின்றன என்றாள். பெண்பிள்ளை வெளியூர் போய் நாலு இடம் பார்க்க வேண்டாமா என்றாள். "உங்கம்மாவ நான் பாத்துக்கமாட்டேனா?" என்றாள்.

மித்து மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "நீங்க சொன்னா சரியா இருக்கும் அத்தை" என்று சொல்லி, கோயமுத்தூரை மேலே ஏற்றி மதுரையை அதற்குக் கீழே இறக்கினாள்.

அன்றைக்குத் தமயந்தி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. பொய் சொல்லியிருந்தால், பொய் சொன்னோம் என்று ஒரே அடியாக அழுது தீர்த்திருக்கலாம்.

போன வருஷம் அந்த மதுரைக் கல்லூரியில், அவர்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில், கடைசி இடம் எந்த மார்க்கில் நின்றது என்று அவளுக்குத் தெரியும். இந்த வருஷம் எங்கே நிற்கும் என்றும் ஊகித்து வைத்திருந்தாள். மித்துவுக்கு ரோஷ்ணியைவிட அரை மார்க் கூடுதல். வாசலில் ஒரே ஒரு இடம். முன்னால் நிற்பவள் மித்து. அவள் நகர்ந்தால்தான் பின்னால் நிற்பவள் உள்ளே போக முடியும்.

*

சென்டரைத் திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, பவளம் வந்துவிட்டாள். தான் சமைக்கும் சத்துணவுக் கூடத்தில் அடுப்பை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடியே வந்தவள், உள்ளே ஜெராக்ஸ் எடுக்க நின்ற ஆட்களையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு நேராக வந்து தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நீங்க மட்டும் இல்லைன்னா எம்மகளுக்கு யாரு இருக்கா சொல்லுங்க?"

"என்ன பவளம் இது, எல்லாரும் பாக்காக."

"பாக்கட்டும்! எம்மக கோயமுத்தூருக்குப் படிக்கப் போறா. எங்க வம்சத்துல மில்லு வேலைக்கு இல்லாம அந்த ஊருக்குப் போற மொத ஆளு அவதான். நீங்க சொல்லித்தான் மேல வச்சேன்னு சொன்னா. எங்கண்ணனுக்குக்கூட இந்த அக்கறை இருக்காது மதினி, நான் சொல்லிப்புட்டேன்."

ஜெராக்ஸுக்கு வந்த ஒரு பெரியவர், "தமயந்தி கை பட்டா எல்லாம் துலங்கும்மா" என்று சேர்ந்துகொண்டார்.

தமயந்தி கையை விடுவித்துக்கொண்டு பேப்பர் அடுக்குவது போலக் குனிந்தாள்.

"நீ மாத்திரை ஒழுங்கா போடுறியா பவளம்?"

"போடுறேன், போடுறேன். இனிமே தவறாது. மித்துதான் ராத்திரி பூரா ஒரே புலம்பல். நீ தனியா இருப்பியே, தனியா இருப்பியேன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அடி போடி, மதினி கூப்புடு தூரத்துலதான இருக்காக, அவுகளுக்கு என் மேல இல்லாத பாசமான்னு கேட்டேன். அதுக்கப்புறந்தான் தூங்குனா."

பவளம் சிரித்தாள். முன்பல்லில் ஒன்று பாதி உடைந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலிப்பு வந்து அடுப்புத் திண்டில் மோதியபோது உடைந்தது. மற்ற நாளில் தமயந்தி அதைக் கவனித்ததுகூட இல்லை. இன்றைக்கு அதை விட்டு வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

"சாயங்காலம் மித்துவ அனுப்புறேன் மதினி. ஏதோ சம்மதம்னு அமுக்கணுமாமே, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள? நீங்களே கூட இருந்து அமுக்கி விட்ருங்க. அவளுக்குப் பதட்டத்துல கை நடுங்கும்."

போகும்போது திரும்பி, "அண்ணன் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டுப் போச்சு. உங்க மகளுக்கும் சேத்துத்தான் சாமிக்கு வச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தமயந்தி அன்று அதற்கப்புறம் செய்த ஒவ்வொரு வேலையிலும் ஏதாவது ஒரு தப்பு இருந்தது. ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழுக்கு ஊர்ப் பெயரை மாற்றி அடித்தாள். பென்ஷன் தாத்தாவுக்கு மீதிச் சில்லறையை இரண்டு தடவை கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

*

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு ரோஷ்ணி வந்தாள். தூக்கை மேஜையில் வைத்தவள் உட்காரவில்லை. சென்டரில் அப்போது யாரும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, எங்க கிளாஸ் வினோபாவத் தெரியும்ல?"

"ஆமா. உரக்கடைக்காரர் மகன்."

"அவனும் மதுரை ஈ.சி.இ.தான் முதல்ல வச்சான். நம்ம பிரிவுதான். என்னைவிட ஒரு துளி கம்மி. அவனுக்குக் கிடைக்கல. அப்படின்னா எனக்குக் கிடைச்சதுதான் கடைசி இடம்."

தமயந்தி தூக்கின் மூடியைத் திறந்தாள். பிறகு திரும்ப மூடினாள்.

"மித்துவுக்குப் போன் போட்டேன். ஏன்டி மாத்துனேன்னு கேட்டேன். 'அத்தைதான் சொன்னாங்க, அத்தை யோசிக்காம சொல்ல மாட்டாங்க'ன்னு சொல்றா." ரோஷ்ணி மேஜையின் மேல் குனிந்தாள். "நீ யோசிச்சுத்தான சொன்ன?"

"அந்தக் காலேஜு நல்ல காலேஜு ரோஷ்ணி."

"அப்ப என்னை ஏன் அதை மேல வைக்கச் சொல்லல?"

தமயந்தி தூக்கை மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

"சொல்லும்மா."

"உனக்காகத்தான்டி" என்றாள் தமயந்தி கடைசியில். "வேற யாருக்காக? ரெண்டு வருஷமா நீ படிச்சதை நான் பாக்கலையா? அரை மார்க்கு. அரை மார்க்குல உன்னை எங்கயோ ஒரு காட்டுக்குள்ள இருக்கற காலேஜுல கொண்டுபோய் விடச் சொல்றியா? அவளுக்கு ஒண்ணும் கெட்டது பண்ணலையே நான். நல்ல இடத்துக்குத்தான அனுப்பிருக்கேன்."

"அவங்கம்மாவ விட்டுட்டுப் போறாம்மா."

"நான் இருக்கேன்ல."

"நீ இருக்கன்னுதான்மா போறா!"

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி திரும்பியது.

"நான் இந்த இடம் வேண்டாம்னு போட்டுர்றேன்" என்றாள் ரோஷ்ணி. "அவளுக்குப் போகட்டும்."

"போகாதுடி." தமயந்தி நெற்றியைத் தேய்த்தாள். ஊருக்கெல்லாம் சொல்லித் தரும் விஷயத்தைச் சொந்த மகளிடம் சொல்ல நாக்கு புரளவில்லை. "அவளுக்கு முதல் விருப்பமே கிடைச்சிருச்சு. கீழ வச்சது இனி அவளுக்குத் திரும்பாது. நீ விட்டா, மேல வச்சது கிடைக்காம அதுக்காகக் காத்திருக்கற ஆளுக்குப் போகும். வினோபாவுக்கு. மித்துவுக்குக் கிடையாது."

"அடுத்த சுற்று வரைக்கும் அவ காத்திருந்தா?"

"கோயமுத்தூர விட்டுட்டுக் காத்திருக்கணும். மதுரை இருக்காது. பக்கத்துல வேற ஏதாவது சின்னக் காலேஜு கிடைக்கலாம், பஸ்ல போய்ட்டு வர்ற தூரத்துல. இப்ப கிடைச்ச மாதிரி வராது."

ரோஷ்ணி சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நீ பண்ணதை யாராலயும் மாத்த முடியாது."

"அதான் சொல்றேன். இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் பிள்ளை சந்தோஷமா இருக்கு. பவளம் சந்தோஷமா இருக்கா. உங்கப்பா தெரு பூரா மிட்டாய் குடுத்துட்டு வந்திருக்காரு. எல்லாரையும் அழவச்சுப் பாக்கணுமா?"

"அம்மா, உனக்கு ஒண்ணு தெரியுமா?" ரோஷ்ணி தரையைப் பார்த்தபடி பேசினாள். "வினோபா மெசேஜ் பாத்ததும் எனக்கு எல்லாம் புரிஞ்சிருச்சு. புரிஞ்சதும் முதல்ல என்ன நினைச்சேன் தெரியுமா? நல்லவேளைன்னு நினைச்சேன். நல்லவேளை, அவ மாத்துனான்னு. இப்பக்கூட வேண்டாம்னு போடுறேன்னு சொன்னேன்ல, நீ முடியாதுன்னு சொன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. எனக்கே என்னைப் பாத்தா அசிங்கமா இருக்கு. நீ பண்ணதுதான். ஆனா அதைத் தின்னுட்டு உட்காந்திருக்கறது நான்."

தமயந்தி எழுந்து மகளிடம் போனாள். தோளைத் தொட்டாள். ரோஷ்ணி தோளை விலக்கிக்கொள்ளவில்லை. அவள் மேல் சாய்ந்துகொள்ளவும் இல்லை.

"தன் அம்மாவ உன் கையில விட்டுட்டுப் போறா. அந்தக் கை என்ன பண்ணுச்சுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா? தெரிஞ்சுட்டும் அவ போறேன்னா போகட்டும். நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"அவ என்னைப் பத்தி என்னடி நினைப்பா?"

"நிஜத்தைத்தான் நினைப்பா" என்று சொல்லிவிட்டு ரோஷ்ணி எழுந்தாள். ஷட்டரை ஏற்றினாள். வெயில் உள்ளே விழுந்தது. தூக்கில் இருந்த சாப்பாடு அப்படியே இருந்தது.

*

மித்து சாயங்காலம் வந்தபோது இரட்டைப் பின்னலில் கனகாம்பரம் வைத்திருந்தாள். பவளம் வைத்துவிட்டிருப்பாள். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படம்.

"அம்மா அதிரசம் குடுத்துவிட்டாங்க அத்தை. உங்களுக்குப் பிடிக்கும்னு."

"வை" என்றாள் தமயந்தி.

கடைசியாக இருந்த இரண்டு பேரையும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள். மித்து வழக்கம்போல ஓரத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் பக்கத்தைத் திறந்தாள். கோயமுத்தூர்க் கல்லூரியின் பெயர் பச்சை எழுத்தில் வந்தது. அதன் கீழே, சம்மதமா, வேண்டாமா, அடுத்த சுற்றுக்குப் போகிறாயா என்று வரிசையாகக் கேள்விகள்.

"இதுல முதல்ல இருக்கறதுதான அத்தை? சம்மதம்னு இருக்கே?"

"கொஞ்சம் பொறு மித்து."

"ஏன் அத்தை? ஏதும் தப்பா வந்திருக்கா?"

தமயந்தி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினாள். அப்போது வார்த்தைகள் எவ்வளவு சுலபமாக வந்தன! இப்போது முதல் வார்த்தையையே தேடிக்கொண்டிருந்தாள்.

"மதுரையில நம்ம பிரிவுல ஒரே இடம்தான் மிச்சம் வரும்னு எனக்குத் தெரியும். உனக்கும் ரோஷ்ணிக்கும் நடுவுல ஒரே இடம். நீ மதுரைய மேல வச்சிருந்தா அது உனக்குத்தான் வந்திருக்கும். அவளுக்குக் கிடைச்சிருக்காது."

மித்து திரும்பிப் பார்த்தாள்.

"அதனாலதான் உன்னைக் கோயமுத்தூரை மேல வைக்கச் சொன்னேன். உன் நல்லதுக்குன்னு சொன்னேன். உன் நல்லதை நினைச்சுச் சொல்லல. என் மகளுக்காகச் சொன்னேன்."

சொல்லிவிட்டாள். சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. ஆகவில்லை.

மித்து அழுவாள், கத்துவாள், எழுந்து ஓடுவாள் என்றெல்லாம் மத்தியானத்திலிருந்து நினைத்துப் பார்த்திருந்தாள். அந்தப் பெண் எதுவும் செய்யவில்லை. திரையில் இருந்த பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் மட்டும் சிவந்தது.

"ரோஷ்ணிக்குத் தெரியுமா?"

"இன்னைக்கு மத்தியானந்தான் தெரியும். அவதான் என்னைச் சொல்லச் சொன்னா. அன்னைக்கு அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சத்தியமா."

"ம்." திரையைக் காட்டிக் கேட்டாள், "இப்ப மதுரை எனக்குக் கிடைக்க ஏதாச்சும் வழி இருக்கா?"

"இல்லடா."

"ரோஷ்ணி விட்டுக்குடுத்தாலும்?"

"விட்டுக்குடுத்தாலும் உனக்கு வராது."

"அடுத்த சுற்றுக்குப் போனா?"

தமயந்தி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பஸ் போகிற தூரத்தில் இருக்கும் சின்னக் கல்லூரிகளைச் சொன்னாள். கோயமுத்தூரை விட்டால் திரும்பக் கிடைக்காது என்றும் சொன்னாள். எது நல்லது என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி தன்னிடம் இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

மித்து குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள், "அம்மாவப் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே அத்தை, அதுவும் இதுக்காகத்தானா?"

"இல்ல மித்து! அது நிஜம். அது மட்டும் நிஜம்."

"அது மட்டும் நிஜம்னு நான் எப்படி அத்தை கண்டுபிடிக்கறது?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கணக்கில் புரியாத இடத்தைக் கேட்பது மாதிரி, அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். தமயந்திக்குக் கண் நிறைந்தது. அழுதால் அந்தப் பெண் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மித்து நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அத்தை, என் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும்ல? நீங்கதான போட்டுக் குடுத்தீங்க."

"ஆமா."

"அதை மாத்தணும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. தமயந்தி எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். இந்தச் சென்டரில் எத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகளின் பாஸ்வேர்டை அவள் தன் கையால் அடித்திருப்பாள்! யாரும் அவளைத் திரும்பச் சொன்னதில்லை.

பின்னால் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மவுஸ் சத்தம், ஒரு தடவை. நீளமாக ஒரு மூச்சு. மறுபடியும் மவுஸ் சத்தம். மித்துவின் பையில், பதிவுக்குக் கொடுத்திருந்த பவளத்தின் செல்போன் டிங் என்று ஒலித்தது.

"முடிஞ்சிருச்சு அத்தை. திரும்பிக்கோங்க."

தமயந்தி திரும்பியபோது திரை கறுப்பாக இருந்தது. மித்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன குடுத்த மித்து? கோயமுத்தூருக்குச் சம்மதமா? இல்ல, அடுத்த சுற்றா?"

"அதை அம்மாகிட்டச் சொல்லிருவேன். நீங்க அம்மாவக் கேட்டுக்கோங்க அத்தை." வாசல்வரை போனவள், படியில் நின்றாள். "அதுக்கு முன்னாடி நீங்க அம்மாகிட்ட என்ன சொல்லணுமோ அதைச் சொல்லிருங்க. நீங்க பண்ணதை நான் சொல்ல மாட்டேன். உங்க மேல அவங்களுக்கு அவ்வளவு பிரியம்."

அவள் சாலையைக் கடந்து, கூட்டத்துக்குள் நுழைந்து போனாள். தமயந்தி ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். பவளத்தின் தெருவுக்கு நேராகப் போக வேண்டும்.

அவள் நேராக நடந்தாள்.